க்யூஜிஐஎஸ்ஸில் வரைபடத் தரவுக்குக் குறியீடு அமைப்பது எப்படி?

வரைபடம் உருவாக்கும் மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில் சாலைகள், நகரங்கள் மாதிரி ஒரு வகைத் தரவை ஒரு லேயராகச் சேர்த்ததும் அது ஏதோ ஒரு நிறத்தில் வந்து நிற்கும். அந்த நிறத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. மென்பொருள் தானாக எடுத்துப் போட்டது. அதே கோப்பை இன்னொரு முறை சேர்த்தால் வேறு நிறத்தில் வரும். நெடுஞ்சாலையும் மண் பாதையும் ஒரே தடிமனில் இருக்கும். பெருநகரமும் சிற்றூரும் ஒரே அளவுப் புள்ளியாக இருக்கும். தகவல் எல்லாம் தரவுக்குள் இருக்கிறது, ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதைக் கண்ணுக்குக் கொண்டுவரும் வேலைக்குத்தான் சிம்பாலஜி என்று பெயர்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக நிறப் பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். எந்தப் பச்சை நன்றாக இருக்கும் என்று அரை மணி நேரம் போகும். அதற்கு முன்னால் அட்டவணையைத் திறந்து பாருங்கள். நெடுவரிசையில் இருப்பது என்ன மாதிரித் தரவு என்று தெரிந்துவிட்டால், வடிவமா, நிறமா, அளவா என்ற முடிவு பெரும்பாலும் அங்கேயே ஆகிவிடும். நிறம் தேர்ந்தெடுப்பது அதற்கு அப்புறம் வருகிற சின்ன வேலை.

தொடங்குவதற்கு என்ன வேண்டும்

க்யூஜிஐஎஸ் இலவசம், திறந்த மூல மென்பொருள். கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கிய திட்டம் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இங்கே சொல்பவை 3 என்ற எண்ணில் தொடங்கும் பதிப்புகளுக்குப் பொருந்தும். மெனுக்களின் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

பயிற்சிக்கு நேச்சுரல் எர்த் தளத்தின் தரவைப் பரிந்துரைக்கிறேன். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், அனுமதி கேட்க வேண்டாம். 1:1 கோடி, 1:5 கோடி, 1:11 கோடி என மூன்று அளவுகோல்களில் கிடைக்கிறது. 1:11 கோடி தொகுப்பில் நாடுகளின் லேயரை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு சிறியது, கணினி தடுமாறாது. நகரங்களுக்கு 'பாப்புலேட்டட் பிளேசஸ்' லேயர், சாலைகளுக்கு 1:1 கோடி தொகுப்பில் இருக்கும் 'ரோட்ஸ்' லேயர். இந்த மூன்றும் போதும்.

மென்பொருளைத் திறந்து லேயர்களைச் சேர்த்ததும் எஃப்7 விசையை அழுத்துங்கள். வலப்பக்கம் 'லேயர் ஸ்டைலிங்' பலகை திறக்கும். லேயர் பெயரை இருமுறை சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' சாளரத்திலும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் பலகையில் மாற்றம் செய்தவுடனே வரைபடத்தில் தெரிகிறது, பிடிக்காவிட்டால் அடியில் இருக்கும் அம்புக்குறியை அழுத்திப் பின்னால் போகலாம். கற்றுக்கொள்ளும்போது பலகைதான் வசதி.

நெடுவரிசையைப் படியுங்கள்

லேயரைத் தேர்ந்தெடுத்து எஃப்6 அழுத்தினால் அட்ரிபியூட் டேபிள், அதாவது அந்த லேயரின் தரவு அட்டவணை, வரும். ஒவ்வொரு நெடுவரிசையையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் இருக்கும் இரண்டு மதிப்புகளை எடுத்தால், ஒன்று மற்றொன்றைவிடப் பெரியது என்று சொல்ல முடியுமா?

முடியாது என்றால் அது வகை. கண்டத்தின் பெயர், நிலப் பயன்பாடு, மண் வகை எல்லாம் இப்படித்தான். ஆசியா ஆப்பிரிக்காவைவிடப் 'பெரிய மதிப்பு' கிடையாது. இதற்கு வெவ்வேறு நிறங்களோ வெவ்வேறு வடிவங்களோ பொருந்தும்.

பெரியது சிறியது உண்டு, ஆனால் எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியாது என்றால் அது வரிசை. முதல்நிலைச் சாலை, இரண்டாம் நிலைச் சாலை. குறைந்த ஆபத்து, நடுத்தரம், அதிக ஆபத்து. இங்கே ஒரே நிறம் வெளிர்நிலையிலிருந்து அடர்நிலைக்குப் போக வேண்டும், அல்லது கோடு மெலிதிலிருந்து தடிமனுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, எண்ணளவு. இதற்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது, பலரும் தடுக்கி விழும் இடம் அதுதான். மக்கள்தொகை என்பது மொத்த எண்ணிக்கை. மக்கள் அடர்த்தி என்பது விகிதம். மொத்த எண்ணிக்கைக்கு வட்டத்தின் அளவு. விகிதத்துக்கு நிறத்தின் அடர்த்தி. மொத்த மக்கள்தொகையை எடுத்து நாடுகளுக்குள் நிறம் நிரப்பினால், பரப்பளவில் பெரிய நாடு முழுவதும் அடர்நிறமாகி, அங்கே எல்லா மூலையிலும் மக்கள் நெருக்கமாக வாழ்வதுபோல் ஒரு பொய்யைச் சொல்லிவிடும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு குறியீடு, பல அடுக்குகள்

பலகையின் மேலே 'சிங்கிள் சிம்பல்' என்று இருக்கும். லேயரில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடு. சாலை லேயரை எடுத்து இதில் ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

அச்சிட்ட வரைபடங்களில் சாலை எப்படி இருக்கும்? நடுவில் வெள்ளை அல்லது மஞ்சள், இரு ஓரத்திலும் கருமையான கரை. க்யூஜிஐஎஸ்ஸில் இதற்குத் தனிக் கருவி கிடையாது. இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். குறியீட்டு மரத்தில் 'லைன்' என்பதற்குக் கீழே 'சிம்பிள் லைன்' இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து அகலத்தை 1.6 மில்லிமீட்டராகவும் நிறத்தை அடர்சாம்பலாகவும் மாற்றுங்கள். பச்சைக் கூட்டல் குறியை அழுத்தினால் அதன்மேல் இன்னொரு 'சிம்பிள் லைன்' சேரும். அதற்கு 1 மில்லிமீட்டர், வெள்ளை. இப்போது இரு பக்கமும் 0.3 மில்லிமீட்டர் கரை தெரியும்.

சரி, சாலைகள் சந்திக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சாலையின் கரை மற்றொரு சாலையின் வெள்ளையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். சந்திப்பு மாதிரியே தெரியாது, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பட்டைகள்போல் இருக்கும். காரணம் எளிமையானது. மென்பொருள் முதல் சாலையின் கரையையும் வெள்ளையையும் வரைந்து முடித்துவிட்டு, அப்புறம்தான் இரண்டாவது சாலைக்கு வருகிறது. அதனால் இரண்டாவதின் கரை முதலாவதின் வெள்ளைமேல் விழுகிறது.

பலகையின் அடியில் 'அட்வான்ஸ்டு' பொத்தானில் 'சிம்பல் லெவல்ஸ்' இருக்கிறது. அதை இயக்கி, கரைக்கு 0, வெள்ளைக்கு 1 என்று கொடுங்கள். இனி எல்லாச் சாலைகளின் கரைகளும் முதலில், எல்லா வெள்ளைகளும் அடுத்து வரையப்படும். வெட்டுக்கோடுகள் மறைந்து, சந்திப்புகள் சந்திப்புகளாகவே தெரியும். சாலைகளை நிலை வாரியாகப் பிரித்த பிறகு, முக்கியமான சாலைக்குப் பெரிய எண்களைக் கொடுத்தால் அது சிறிய சாலைகளுக்கு மேலே போகும்.

இந்த அடுக்கு முறை புள்ளிக்கும் பரப்புக்கும் அப்படியே பொருந்தும். கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டத்தின்மேல் சிறிய நிற வட்டம் வைத்தால், எந்தப் பின்னணியிலும் புள்ளி எடுப்பாகத் தெரியும். பரப்புக்கு 'சிம்பிள் ஃபில்' மேல் 'லைன் பேட்டர்ன் ஃபில்' போட்டால் சாய்கோடுகள் வரும்.

வகைகளுக்கு: கேட்டகரைஸ்டு

நாடுகள் லேயரில் 'சிங்கிள் சிம்பல்' இருக்கும் இடத்தில் 'கேட்டகரைஸ்டு' என்று மாற்றுங்கள். 'வேல்யூ' பெட்டியில் கண்டம் உள்ள நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'கிளாசிஃபை' அழுத்தினால் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு நிறம் வந்துவிடும். கடைசியில் 'ஆல் அதர் வேல்யூஸ்' என்று ஒரு வரி இருக்கும். பட்டியலில் இல்லாத மதிப்புகளுக்கு அது. அதை உடனே நீக்கிவிடாதீர்கள். கண்ணைப் பறிக்கும் ஒரு நிறம் கொடுத்து விட்டுவையுங்கள். பின்னால் தரவில் புது மதிப்பு ஏதாவது நுழைந்தால் வரைபடமே காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்த பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

கையால் உள்ளிட்ட தரவில் ஒரே வகை இரண்டு முறை வரும். எழுத்துப் பிழை இருக்கலாம், கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கலாம். தரவைத் திருத்துவதே சரியான வழி. தரவு உங்களுடையதாக இல்லாவிட்டால், இரண்டு வரிகளையும் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கில் 'மெர்ஜ் கேட்டகரீஸ்' கொடுங்கள்.

ஏழெட்டு வகைகளுக்கு மேல் போனால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. எந்த நிறம் எதைக் காட்டுகிறது என்று சொல்லும் குறிவிளக்கத்துக்கும் வரைபடத்துக்கும் கண் ஓடி ஓடிக் களைத்துப்போகும். நெருங்கிய வகைகளை ஒரே நிறக் குடும்பத்தில் வையுங்கள்: காடு வகைகள் எல்லாம் பச்சை, நீர்நிலைகள் எல்லாம் நீலம்.

விகிதங்களுக்கு: கிராஜுவேட்டட்

அடுத்து 'கிராஜுவேட்டட்'. 'வேல்யூ' பெட்டியில் நெடுவரிசை மட்டுமல்ல, கணக்கும் எழுதலாம். பக்கத்தில் இருக்கும் எப்சிலான் பொத்தானை அழுத்தினால் கணக்கு எழுதுவதற்கான எக்ஸ்பிரஷன் சாளரம் திறக்கும். மக்கள்தொகை மதிப்பீட்டு நெடுவரிசையை எடுத்து, 'ஜியோமெட்ரி' தொகுதியில் டாலர் குறியோடு தொடங்கும் 'ஏரியா'வால் வகுங்கள். பரப்பளவு சதுர மீட்டரில் வரும் என்றால் அதை முதலில் 10 லட்சத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். விடை சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று கிடைக்கும். எந்த அலகு என்பது 'புராஜெக்ட் பிராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'ஜெனரல்' பக்கத்தில் தெரியும்.

உங்கள் நெடுவரிசை பட்டியலில் வரவே இல்லையா? சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பிலிருந்து வந்த எண்கள் பல சமயம் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கும், அவற்றைக் 'கிராஜுவேட்டட்' ஏற்காது. எக்ஸ்பிரஷனில் 'டு ரியல்' செயற்கூற்றால் எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது 'மோட்' பெட்டி. இதைத் தொடாமல் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம், ஆனால் வரைபடம் என்ன சொல்லப்போகிறது என்பதை நிறத்தைவிட இதுதான் தீர்மானிக்கிறது. பத்து மதிப்புகளை எடுத்துக்கொள்வோம்: 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 45, 90. ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கச் சொல்கிறோம்.

'ஈக்வல் இன்டர்வல்' 2 முதல் 90 வரை உள்ள தூரத்தைச் சமமாக வெட்டும்; ஒரு வகுப்பு 17.6 அகலம். முதல் எட்டு மதிப்புகளும் முதல் வகுப்பில் விழும். 45 மூன்றாவதில், 90 ஐந்தாவதில். நடுவே இரண்டு வகுப்புகள் காலி. வரைபடம் கிட்டத்தட்ட ஒரே நிறமாகிவிடும்.

'ஈக்வல் கவுன்ட்' ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டிரண்டாக வைக்கும். ஐந்து நிறங்களும் அழகாகப் பரவியிருக்கும். ஆனால் 45-உம் 90-உம் ஒரே நிறம். 3-உம் 4-உம் வேறு வேறு நிறம். பார்ப்பவர் இல்லாத வித்தியாசத்தைக் காண்பார், இருக்கும் வித்தியாசத்தைத் தவறவிடுவார்.

'நேச்சுரல் பிரேக்ஸ்' அமெரிக்க வரைபடவியலாளர் ஜார்ஜ் ஜென்க்ஸின் பெயரோடு சேர்ந்தது. மதிப்புகள் இயல்பாகக் கூடிநிற்கும் இடங்களை ஒன்றாக வைத்து, இடைவெளி விழும் இடத்தில் வெட்டும். இதே பத்து மதிப்புகளை மூன்று வகுப்பாக்கச் சொன்னால் 2 முதல் 9 வரை ஒன்று, 45 ஒன்று, 90 ஒன்று என்று பிரிக்கும். ஒரே ஒரு வரைபடம் போடுகிறீர்கள் என்றால் இதில் தொடங்குவது நல்லது. இரண்டு ஆண்டுகளின் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இது ஆகாது. ஒவ்வொரு தரவுக்கும் வெட்டும் இடம் மாறிவிடும். அப்போது எல்லைகளை நீங்களே கையால் கொடுத்து, இரண்டுக்கும் ஒரே எல்லைகளை வையுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் 'ஹிஸ்டோகிராம்' பக்கத்துக்குப் போய் 'லோடு வேல்யூஸ்' அழுத்தி, மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள்.

நிறங்களுக்கு 'கலர் ரேம்ப்' பட்டியலில் கலர்புரூவர் வரிசைகள் உள்ளன. வரைபடங்களுக்காகவே சிந்தியா புரூவர் உருவாக்கியவை, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். குறைவிலிருந்து அதிகத்துக்குப் போகும் தரவுக்கு ஒரே திசையில் அடர்ந்துபோகும் வரிசை. வளர்ச்சி, சரிவு என்று நடுவில் சுழியம் உள்ள தரவுக்கு இரு முனைகளிலும் வெவ்வேறு நிறம் அடர்ந்து, நடுவில் வெளுத்திருக்கும் வரிசை. இரண்டாவது வகையில் அந்த வெளிர்நிறம் சரியாகச் சுழியத்தில் விழ வேண்டும். 'பிரிட்டி பிரேக்ஸ்' போன்ற சில முறைகளில் 'சிமெட்ரிக் கிளாசிஃபிகேஷன்' என்ற பெட்டி அதற்காகவே இருக்கிறது. வானவில் நிறங்களை அளவுக்குப் பயன்படுத்தாதீர்கள். மஞ்சள் பெரியதா பச்சை பெரியதா என்று யாருக்கும் தெரியாது.

மதிப்பே இல்லாத இடங்களைக் 'கிராஜுவேட்டட்' வரையாது, ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். லேயரை நகலெடுத்து அடியில் வைத்து, வெளிர்சாம்பலில் சாய்கோடு போட்டுவிடுங்கள். 'தரவு இல்லை' என்பதும் சுழியம் என்பதும் ஒன்றில்லை. வரைபடத்தில் அது தெரிய வேண்டும்.

உலக அளவில் நிறம் நிரப்பும்போது புராஜெக்ஷனையும், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறையையும், கவனியுங்கள். இணைய வரைபடங்களின் மெர்கேட்டரில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. அடர்த்திக் கணக்கு சரியாகவே இருந்தாலும், கண் பார்ப்பது நிறத்தின் பரப்பைத்தான். 2018-இல் வெளியான ஈக்வல் எர்த் புராஜெக்ஷன் பரப்பளவைக் காப்பாற்றுகிறது. வலது கீழ்மூலையில் சொடுக்கி, அதன் குறியீட்டு எண்ணான 8857-ஐத் தேடுங்கள்.

எண்ணிக்கைகளுக்கு: வட்டத்தின் அளவு

நகரங்கள் லேயரில் 'சிங்கிள் சிம்பல்' அப்படியே இருக்கட்டும். 'சைஸ்' பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பொத்தானை அழுத்தி 'அசிஸ்டன்ட்' தேர்ந்தெடுங்கள். நெடுவரிசையாக மக்கள்தொகையைக் கொடுத்து, மிகச் சிறிய வட்டத்துக்கும் மிகப் பெரிய வட்டத்துக்கும் அளவு கொடுங்கள்.

அங்கே 'ஸ்கேல் மெத்தட்' என்று ஒன்று இருக்கும். 'ரேடியஸ்' வேண்டாம்: மதிப்பு நான்கு மடங்கானால் விட்டமும் நான்கு மடங்காகி, பரப்பு பதினாறு மடங்காகிவிடும். 'சர்ஃபேஸ்' பரப்பை நான்கு மடங்காக்கும், அதாவது விட்டம் இரண்டு மடங்கு. 'ஃபிளானரி' முறை விட்டத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி, சுமார் 2.2 மடங்காக்கும். பெரிய வட்டங்களை மனிதக் கண் உள்ளதைவிடச் சிறிதாக மதிப்பிடுகிறது என்பதால் செய்த திருத்தம் அது. இந்த இரண்டில் எது வேண்டுமானாலும் எடுங்கள்.

பெரிய வட்டம் சிறியதை மூடிவிடும். 'லேயர் ரெண்டரிங்' பகுதியில் 'கன்ட்ரோல் ஃபீச்சர் ரெண்டரிங் ஆர்டர்' பெட்டியைத் தேர்ந்தெடுத்து, மக்கள்தொகையை இறங்குவரிசையில் கொடுங்கள். பெரியவை முதலில் வரையப்பட்டு, சிறியவை மேலே வந்து உட்காரும். 'அட்வான்ஸ்டு' பொத்தானில் இருக்கும் 'டேட்டா டிஃபைன்டு சைஸ் லெஜண்ட்' குறிவிளக்கத்தில் மாதிரி வட்டங்களைக் காட்டும்; அது இல்லாவிட்டால் படிப்பவர் எதோடு ஒப்பிடுவார்?

விதிகளும் அளவுகோலும்

'ரூல் பேஸ்டு' முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு நிபந்தனையும், எந்த அளவுகோலிலிருந்து எதுவரை தெரிய வேண்டும் என்பதையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். உலகம் முழுவதும் தெரியும்போது தலைநகரங்கள் மட்டும், நெருங்கிப் போனால் மற்ற நகரங்களும் என்று அமைக்க இதுதான் வழி. விதிகளை வெறும் தாளிலிருந்து எழுத வேண்டாம். 'கேட்டகரைஸ்டு'வில் பிரித்துவிட்டு, மேலே 'ரூல் பேஸ்டு' என்று மாற்றினால் ஒவ்வொரு வகையும் ஒரு விதியாக வந்து நிற்கும். எந்த விதியிலும் அடங்காதவற்றுக்குக் கடைசியில் ஒரு 'எல்ஸ்' விதி சேர்த்துவிடுங்கள்.

அலகில் ஒரு பொறி

குறியீட்டின் அளவுக்குப் பக்கத்தில் 'மில்லிமீட்டர்ஸ்' என்று இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் குறியீடு அதே அளவில் இருக்கும் என்று பொருள். பெரும்பாலான வேலைக்கு இதுவே போதும். சிலர் அதை 'மேப் யூனிட்ஸ்' என்று மாற்றிவிட, திரை முழுவதும் ஒரே நிறமாகிப்போகும். வரைபடம் தீர்க்கரேகை, அட்சரேகையில் இருந்தால் ஒரு அலகு என்பது ஒரு பாகை. நிலநடுக்கோட்டில் அது சுமார் 111 கிலோமீட்டர்! தரையில் உண்மையான அகலம் வேண்டும் என்றால், உதாரணமாக 30 மீட்டர் அகல ஆறு, 'மீட்டர்ஸ் அட் ஸ்கேல்' எடுங்கள்.

எஸ்விஜி படங்கள்

எஸ்விஜி என்பது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத பட வடிவம். புள்ளிக்கு மருத்துவமனை, விமான நிலையம் மாதிரிப் படம் வைக்க 'சிம்பிள் மார்க்கர்' என்பதை 'எஸ்விஜி மார்க்கர்' ஆக மாற்றுங்கள். கூடவே வரும் படங்கள் நிறைய உண்டு. வெளியிலிருந்து எடுத்த படத்தில் நிறம் மாற்றும் பொத்தான் மங்கலாகவே இருந்தால், அந்தக் கோப்புக்குள் நிறத்தை மாற்றிக்கொள்ள இடம் விடவில்லை என்று அர்த்தம். வேறு படம் தேடுவது சுலபம். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு படங்களுக்கு மேல் வேண்டாம். சிறிய அளவில் வட்டமும் சதுரமும் முக்கோணமும் தெரியும் அளவுக்குப் படங்கள் தெரியாது.

நிறக்குருடு சோதனையும் சேமிப்பும்

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது கடினம். 'வியூ' மெனுவில் 'பிரிவியூ மோட்' திறந்து, இந்தக் குறையின் இரண்டு வகைகளான புரோட்டனோபியா, டியூட்டரனோபியா இரண்டையும் போட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சாகும் என்றால் 'கிரேஸ்கேல்' பார்வையையும் பாருங்கள். வகுப்புகள் ஒன்றோடொன்று கலந்துபோனால் ரேம்ப்பை மாற்றுங்கள். விரிடிஸ் என்ற ரேம்ப் இந்தச் சோதனைகளில் நன்றாகவே தாங்கும்.

கடைசியாகச் சேமிப்பு. நீங்கள் செய்த அலங்காரம் எதுவும் ஷேப்ஃபைலுக்குள், அதாவது வரைபடத் தரவு இருக்கும் கோப்புக்குள், போகாது; புராஜெக்ட் கோப்பில்தான் இருக்கும். ஷேப்ஃபைலை மட்டும் நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு மறுபடியும் ஏதோ ஒரு நிறத்தில்தான் வரும். பலகையைவிட்டு 'பிராப்பர்ட்டீஸ்' சாளரத்துக்குப் போய், அடியில் 'ஸ்டைல்' பொத்தானில் 'சேவ் ஸ்டைல்' கொடுத்து, க்யூஜிஐஎஸ்ஸின் குறியீட்டுக் கோப்பு வடிவமான க்யூஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள். ஷேப்ஃபைலின் அதே பெயரில், அதே கோப்புறையில் வைத்தால், லேயரைச் சேர்த்தவுடனே குறியீடும் தானாக வந்துவிடும். ஷேப்ஃபைலுக்குப் பதிலாக ஜியோபேக்கேஜ் என்ற தரவுக் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தினால் குறியீட்டை அந்தக் கோப்புக்குள்ளேயே வைக்கலாம். வேறு ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) மென்பொருளுக்கு எடுத்துப் போக எஸ்எல்டி வடிவம் உண்டு, ஆனால் க்யூஜிஐஎஸ்ஸின் எல்லா வித்தைகளும் அதில் ஏறாது.

எஸ்விஜி படம் பயன்படுத்தியிருந்தால் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. குறியீட்டில் இருப்பது படத்தின் முகவரி மட்டுமே. இன்னொருவர் கணினியில் அந்தக் கோப்பு இல்லாவிட்டால் படம் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறி வந்து நிற்கும். எஸ்விஜி பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மெனுவில் 'எம்பெட் ஃபைல்' கொடுத்து, படத்தைக் குறியீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு அனுப்புங்கள்.